சந்திரசேகரன் கண்ட ஐதராபாத்

பிழைப்பின் பொருட்டுத் தமிழகம் விட்டு வந்து, பிறமொழி பேசுவோர் நடுவே பிள்ளைகளை வளர்க்கும் நம் போன்றோர்க்கு அசோகமித்திரனின் ‘18வது அட்சக்கோடு’ (1977) ஏறத்தாழச் சொந்த வீட்டுக் கதை. செகந்தராபாத்தில் ரயில்வே ஊழியர் ஒருவரின் மகன் சந்திரசேகரன். லான்சர் பாரக்ஸ் குடியிருப்பு, கல்லூரி, கிரிக்கெட், அண்டை வீட்டாரோடு பூசல் என்ற அளவில் அவன் உலகம் அடங்கிவிடுகிறது. 1947 ஆகஸ்டு 15இல் இந்தியா விடுதலை பெற்றபோது நிஜாம் இணைய மறுத்தார். ரஜாக்கர்களின் கை ஓங்கியது. 1948 செப்டம்பர் 13இல் இந்தியப் படை நுழைந்தது. 17இல் நிஜாம் பணிந்தார். பாடநூல்கள் இதனைப் ‘போலீஸ் நடவடிக்கை’ என்று இரு சொற்களில் முடித்துவிடும்.

நாயகன் எதையும் செய்யாமல் ஒதுங்கி நிற்கிறான் என இந்நாவலைக் குறை கூறுவோர் உளர். நமக்கு அதில் உடன்பாடில்லை. தந்தைக்குச் சம்பளம் தருவது நிஜாமின் ரயில்வே. மனமோ எல்லைக்கு அப்பாலுள்ள இந்தியாவோடு. இந்நிலையில் உள்ள குடும்பம் வேறென்ன செய்யும்? வதந்திகளைக் கேட்கும், பிள்ளையை இன்று வெளியே அனுப்பலாமா என்று யோசிக்கும். (சந்திரசேகரனை மேடையேற்றி முழங்க வைத்திருந்தால் நாவல் விறுவிறுப்பாகவே இருந்திருக்கும், நாம் அதை இரண்டாம் முறை படித்திருக்க மாட்டோம்.)

ஒதுங்கி நின்றவனையும் காலம் விட்டுவிடவில்லை என்பதை இறுதிப் பகுதி காட்டுகிறது. கலவர நாளொன்றில் அவன் ஒரு முஸ்லிம் வீட்டினுள் புகுந்துவிடுகிறான். தன் குடும்பத்தைக் காக்க அவ்வீட்டுப் பெண் தன்னையே அவனுக்கு ஒப்புக்கொடுக்க முன்வருகிறாள். அவன் யாருக்கும் தீங்கு நினைத்தவனல்லன். எனினும் அவள் கண்ணுக்கு அவன் வென்றவர்களுள் ஒருவன். கூசிக் குறுகி ஓடுகிறான்.

அந்நாட்களின் படுகொலைகளை விசாரிக்க மத்திய அரசு அனுப்பிய பண்டித சுந்தர்லால் குழு, மாண்டோர் தொகையை 27,000 முதல் 40,000 வரை என மதிப்பிட்டது. அவ்வறிக்கையை அரசு வெளியிடவில்லை. 2013இல்தான் பரவலாக வெளிச்சத்துக்கு வந்தது. கோப்புகளிடையே காலம் கழிக்கும் நமக்கு இத்தாமதத்தில் வியப்பில்லை. வியப்பெல்லாம், கோப்பு உறங்கிக்கொண்டிருந்த காலத்தில், எண்ணிக்கை ஏதும் தராமலே, ஓர் இளைஞனின் கூச்சத்தைக் கொண்டு ஆசிரியர் அதனைச் சொல்லிவிட்டாரே என்பதுதான்.

தில்லியில் 1984 நவம்பரில் சீக்கியர்கள் வேட்டையாடப்பட்ட நாட்களைக் கண்ட தமிழ்ப் பெரியவர் ஒருவருக்கு இந்நாவலைப் படிக்கக் கொடுத்தோம். திருப்பித் தருகையில் நடையைப் பற்றியோ பாத்திரங்களைப் பற்றியோ அவர் ஒன்றும் கூறவில்லை. அந்நாட்களில் ஓர் இரவு யாரோ தம் வீட்டுக் கதவைத் தட்டியதாகவும், தாம் திறக்கவில்லை என்றும் மட்டும் சொன்னார்.