திரைக்குப் பின்னால் ஒரு விலை: டெகாவும் இளங்கோவடிகளும்

பிரான்சு நாட்டு ஓவியர் எட்கார் டெகா (1834–1917) ஆடல் மகளிரை வரைந்தே பேர் வாங்கியவர். மேடையைவிடத் திரைக்குப் பின்னால் நடப்பதில்தான் அவருக்கு நாட்டம். லுடோவிக் அலெவி எழுதிய 'கார்டினால் குடும்பம்' கதைகளுக்காக 1870களில் அவர் செய்த அச்சுப் படங்களைப் பாருங்கள். தகட்டில் மை தீட்டி ஒன்றிரண்டு பிரதி மட்டும் எடுக்கும் முறை அது. பாரிஸ் ஆப்பராவின் உட்புறம். ஆடல் உடையில் இளம்பெண்கள். சுற்றி உயரத் தொப்பி அணிந்த கனவான்கள். சந்தா கட்டிய செல்வர்களுக்கு அங்கே நுழைய உரிமை உண்டு. பேரத்தைப் பற்றி ஓவியர் ஒன்றும் சொல்லவில்லை. நிற்கிற நிலையே சொல்லிவிடுகிறது.

இதை மேல்நாட்டுப் புதுமை என்று வியப்பவர்கள் நம்ம சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையை இன்னொரு தரம் படிக்க வேண்டும். மாதவி ஏழாண்டு பயின்று பன்னிரண்டு வயதில் மேடை ஏறுகிறாள். அதற்கு முன் ஆடலாசான், இசையாசான், கவிஞன், முழவு, குழல், யாழ் ஆசிரியர்கள் என்று எத்தனை பேர்! அரங்குக்கும் அளவு உண்டு: இருபத்துநான்கு விரல் கொண்ட கோலால் ஏழு கோல் அகலம், எட்டு கோல் நீளம், ஒரு கோல் உயரம். கோல் மார்க்கெட்டில் குடியிருக்கும் நமக்குக் 'கோல்' என்றால் வட்டம். அடிகளுக்கு அது அளவு. தூண் நிழல் விழாமல் விளக்கு வைப்பதுவரை, மூவகைத் திரைவரை எழுதுகிறார்.

வியாபாரியான எனக்குக் கண்ணில் பட்டது வேறு. அரங்கேற்றத்துக்கு மாதவி பெற்ற பரிசு ஆயிரத்தெட்டுக் கழஞ்சு பொன். அடுத்தபடியே கூனி ஒருத்தி மாலையோடு நகர வீதியில் நிற்கிறாள். அதன் விலையும் அதே ஆயிரத்தெட்டு. கோவலன் வாங்கிவிடுகிறான். வரவில் எழுதிய தொகையையே விலையாகவும் எழுதியிருக்கிறார் புலவர். கலைக்குக் கிடைத்த மதிப்பு எப்படி ஆளுக்கு விலையாகிறது என்பதை இதைவிடச் சுருக்கமாக யார் சொல்ல முடியும்?

ஆனால் ஒரு வித்தியாசம். டெகாவின் பெண்கள் அந்தக் கூடத்திலேயே நின்றுபோகிறார்கள். மாதவிக்கோ பேச வாய் கொடுத்திருக்கிறார் அடிகள். நீர்ப்படைக் காதையில், மகள் மணிமேகலைக்குக் கணிகைக் கோலம் வேண்டாம் என்று தன் தாயிடமே சொல்லிவிட்டுத் துறவு பூணுகிறாள். ஓவியம் திரையை விலக்கிக் காட்டியது; காப்பியம் உள்ளே இருந்தவளையே தீர்ப்புச் சொல்ல வைத்தது. அந்த வகையில் அடிகளின் படமே நிறைவானது என்பேன்.

டெல்லியில் பெண் குழந்தைகளுக்கு அரங்கேற்றம் செய்து பார்க்கும் பெற்றோர் இந்தக் காதையை அவர்களோடு உட்கார்ந்து படிக்கலாம். ஆட்டத்தோடு அதன் கணக்கும் அவர்களுக்குத் தெரியட்டுமே.