கரையில் எரிந்த தீ: அருளப்பர் நற்செய்தியின் இறுதி அதிகாரமும் தீவகத் தொழில்வாழ்வும்

யோவான் என இன்று பெரிதும் வழங்கப்படும் அருளப்பரின் நற்செய்தி, இருபதாம் அதிகாரத்தோடு முடிவுற்றிருக்கக்கூடிய நூலாகும். நூல் எழுதப்பட்டதன் நோக்கத்தை எடுத்துரைத்து வாசகனிடம் விடைபெறும் தொனி அவ்வதிகாரத்தின் இறுதியிலேயே அமைந்துவிடுகின்றது. எனினும் இருபத்தோராம் அதிகாரம் ஒன்று தொடர்கின்றது. இது பின்னர் சேர்க்கப்பட்ட பகுதி என்பது விவிலிய ஆய்வாளர் பலரது கருத்து. அக்கருத்து எவ்வாறாயினும், இப்பகுதி தொடங்கும் முறை சிந்தனைக்குரியது. உயிர்த்தெழுதலாகிய பெருநிகழ்ச்சி கூறப்பட்டாயிற்று. அதன் பின் நூல் செல்வது ஆலயத்துக்கன்று, அரண்மனைக்குமன்று. மீன்பிடிக்கும் வள்ளத்துக்கே செல்கின்றது.

காட்சி எளிமையானது. தாம் மீன்பிடிக்கப் போவதாக இராயப்பர் கூறுகின்றார். உடனிருந்தோரும் வருவதாகச் சொல்கின்றனர். எழுவர் இரவு முழுவதும் திபேரியாக் கடலில் வலைவீசியும் ஒன்றும் அகப்படவில்லை. விடியற்பொழுதிற் கரையில் நிற்கும் ஒருவர், மீன் ஏதும் உண்டா என வினவுகின்றார். இல்லை என்பது விடை. வள்ளத்தின் வலப்புறம் வலையை வீசுமாறு அவர் கூற, இழுக்க முடியாத அளவுக்கு மீன் விழுகின்றது. நிற்பவர் இயேசு என உணர்ந்ததும் இராயப்பர் கடலிற் குதிக்கின்றார். ஏனையோர் வலையை இழுத்துக்கொண்டு வள்ளத்திற் கரை சேர்கின்றனர். அங்கே கரிநெருப்பு எரிகின்றது, அதன்மேல் மீன் இருக்கின்றது, அப்பமும் இருக்கின்றது.

அன்றாடத் தொழிலில் மனநிறைவு காண்பது பற்றிய கிறிஸ்தவ நோக்கினை ஆராய்வோர் சின்னப்பரின் திருமுகங்களையே பெரும்பாலும் நாடுவர். ஆனால் அந்நோக்கின் செறிவான இலக்கிய வடிவம் இக்காலைக் காட்சியிலேயே உள்ளது எனலாம். ஊர்காவற்றுறை, நெடுந்தீவு முதலிய யாழ்ப்பாணத் தீவகப் பகுதிகளிற் கடலை நம்பி வாழும் மக்களின் அனுபவத்தை அருகே வைத்து நோக்குமிடத்து, மறையுரை மரபு கவனியாது விட்ட சில நுட்பங்கள் இதிற் புலனாகின்றன.

முதலில் லூக்காஸ் நற்செய்தியின் ஐந்தாம் அதிகாரத்தோடு இதனை ஒப்பிடுதல் வேண்டும். அங்கும் வெறுமையான இரவு உண்டு. எதிர்பாராத பெருமீன்பாடு உண்டு. ஆனால் அங்கே வலைகள் கிழியத் தொடங்குகின்றன. வள்ளங்கள் அமிழும் நிலையை அடைகின்றன. முடிவில் சீடர் அனைத்தையும் விட்டுச் செல்கின்றனர். மனிதரைப் பிடிப்போராதல் என்ற உருவகம் அவ்விடத்திற் பிறக்கின்றது. அவ்வுருவகத்தின் செல்வாக்கினால், மீன்பிடித்தல் என்பது உயர்ந்த வேறொரு பணிக்கு முன்னிழலாக மட்டுமே மதிக்கப்படலாயிற்று. தொழில் என்பது அழைப்பு வரும்வரை செய்வது. அழைப்பு வந்ததும் விடுவது என்ற எண்ணம் வேரூன்றிற்று.

அருளப்பரின் காட்சியில் நிலைமை வேறு. விட்டுச் சென்றவர்கள் மீண்டும் வள்ளம் ஏறியுள்ளனர். அதற்காக அவர்கள் கண்டிக்கப்படவில்லை. மீன் இல்லை என்ற விடைக்கும் கடிந்துரை இல்லை. வலை கிழியவில்லை என்பதை ஆசிரியர் தனியே குறித்துச் செல்கின்றார். லூக்காஸின் காட்சி தொழிலிலிருந்து புறப்படுதலைப் பேசுகின்றதெனின், இது தொழிலுக்குள்ளேயே சந்திக்கப்படுதலைப் பேசுகின்றது. அன்றாடம் கடலுக்குச் சென்று மீள்பவனுக்கு இரண்டாவதே நெருக்கமானது. ஏனெனில் அவன் அனைத்தையும் விட்டுப் போகிறவன் அல்லன். மறுநாளும் அதே வலையோடு அதே கடலுக்குச் செல்ல வேண்டியவன்.

மீனின் தொகை நூற்றைம்பத்து மூன்று என அருளப்பர் கூறுவது உரையாசிரியர்களைப் பெரிதும் ஈர்த்த செய்தியாகும். ஒன்று முதல் பதினேழு வரையான எண்களின் கூட்டுத்தொகை இதுவென்றும், பதினேழு என்பது பத்துக் கட்டளைகளும் தூய ஆவியின் ஏழு கொடைகளும் சேர்ந்தது என்றும் புனித அகுஸ்தீனார் விளக்கினார். மீனினங்களின் மொத்தத் தொகையே அது என இயற்கை நூலாரைச் சுட்டிப் புனித எரோணிமுசார் உரைத்தார். இவ்விளக்கங்களில் மதிநுட்பம் உண்டு. எனினும் இவை யாவும் மீனை மீனாக இருக்க விடுவதில்லை. பிடிபட்ட மீன் ஏன் எண்ணப்பட்டது என்ற எளிய வினாவை இவை எழுப்பவேயில்லை. கடற்கரையில் நின்ற எவருக்கும் அதன் விடை தெரியும். பங்கு பிரிப்பதற்காகவே மீன் எண்ணப்படுகின்றது. வள்ளத்துக்கு ஒரு பங்கு, வலைக்கு ஒரு பங்கு, உழைத்தோருக்கு இவ்வளவு பங்கு என்று பிரிக்கும் தொழிலில், எண்ணுதலே நேர்மையின் முதற்படி.

கடலிலிருந்து வருவதைக் கணக்கிட்டுப் பங்கிடுதல் என்பது தீவகத்துக்கு மிகப் பழைய செய்தியாகும். நயினாதீவில் உள்ள முதலாம் பராக்கிரமபாகுவின் பன்னிரண்டாம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு, வேற்றுநாட்டவர் ஊராத்துறையில் வந்து இறங்குதல் வேண்டுமெனக் கூறி அவர்களுக்குப் பாதுகாப்பு அளிக்கின்றது. யானையும் குதிரையும் ஏற்றிவந்த மரக்கலம் உடைந்தால் நாலில் ஒரு பங்கு அரச பண்டாரத்துக்கும் மூன்று பங்கு உடையவனுக்கும் சேரும் எனவும், வாணிகச் சரக்கு ஏற்றிவந்த கலம் உடைந்தாற் செம்பாதியாகப் பிரிக்கப்படும் எனவும் அது விதிக்கின்றது. ஊராத்துறை என்பது இன்றைய ஊர்காவற்றுறையே. யாருடையது எவ்வளவு என்பதைக் கல்லில் எழுதிவைத்த அரசனின் உலகியல் அறிவும், மீனை எண்ணிச் சொன்ன நற்செய்தியாளரின் உலகியல் அறிவும் ஒன்றுக்கொன்று அயலானவை அல்ல.

காட்சியின் உயிர்நிலை கரிநெருப்பிலேயே உள்ளது. கரையில் மீன் ஏற்கெனவே வெந்துகொண்டிருக்கின்றது. பசியைத் தீர்க்க அதுவே போதும். இருந்தும், இப்போது பிடித்த மீனிலும் சில கொண்டுவருமாறு இயேசு கேட்கின்றார். தேவையில்லாத இடத்தில் எழும் இவ்வேண்டுகோள் ஆழ்ந்து நோக்கத்தக்கது. அவர்களின் உழைப்பு இல்லாமலும் அவ்விருந்து நடைபெற்றிருக்கும். ஆயினும் அவர்களின் உழைப்பும் அதிற் சேர்த்துக்கொள்ளப்படுகின்றது. வழங்கப்பட்டதும் உழைத்துப் பெற்றதும் ஒரே நெருப்பில் வேகின்றன. இந்நூலிற் கரிநெருப்பு முன்னர் ஒருமுறை தோன்றியுள்ளது: தலைமைக் குருவின் முற்றத்தில் இராயப்பர் குளிர்காய்ந்தபடி தம் ஆசிரியரை மறுதலித்த நெருப்பு அது. தோல்வியின் நெருப்பு இங்கே உணவின் நெருப்பாகின்றது. மனநிறைவு என்பது மீன்தொகையால் வருவதன்று, தன் உழைப்பு ஏற்கப்பட்டது என்ற உணர்வால் வருவது என்பதை விளக்கவுரை எதுவுமின்றிக் காட்சியே உணர்த்திவிடுகின்றது.

தமிழ் மரபு இக்காட்சியை வாசிக்கப் புதியதொரு வழியைத் தருகின்றது. ஊர்காவற்றுறையை அடுத்த கரம்பொன்னிற் பிறந்த தனிநாயகம் அடிகள் (1913 – 1980), அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திற் சங்க இலக்கியத்தில் இயற்கை பற்றி ஆராய்ந்தவர். நிலமும் பொழுதும் மனித உணர்வோடு பிரிக்கவொண்ணாதபடி இணைந்த கவிதை மரபினை உலக அறிஞருக்கு அவர் எடுத்துக்காட்டினார். அம்மரபிற் கடலும் கடல்சார்ந்த இடமும் நெய்தல். அதன் உரிப்பொருள் இரங்கல். கரையில் நிற்பவள் ஏங்குகின்றாள். பரதவரின் வலையும் திமிலும் உணங்கும் மீனும் அவ்வேக்கத்துக்குப் பின்னணியாகின்றன. அருளப்பரின் காட்சியிலும் ஒருவர் கரையில் நின்று காத்திருக்கின்றார். ஆனால் அவர் இரங்கவில்லை. தீ மூட்டி உணவு சமைக்கின்றார். நெய்தலிற் பின்னணியாக நின்ற தொழில் இங்கே முன்னணிக்கு வருகின்றது. உழைத்துக் களைத்தவனைக் கரையில் ஒருவர் எதிர்கொள்கின்றார் என்பதே இங்கு உரிப்பொருளாகின்றது.

இவ்விடத்து வலிமையானதொரு மறுப்பு எழுதல் இயல்பு. தொழிலில் மனநிறைவு என்ற போதனை, உழைப்போரை அடங்கியிருக்கச் செய்யும் கருவியாகப் பயன்பட்டதில்லையா? பயன்பட்டது என்பதை மறுத்தல் நேர்மையாகாது. எதைச் செய்தாலும் ஆண்டவருக்கெனவே உளமாரச் செய்க என்னும் கருத்துடைய கொலோசையர் திருமுகப் பகுதி அடிமைகளை நோக்கிக் கூறப்பட்டது. யாழ்ப்பாணச் சமூகத்திலோ தொழில் என்பது பிறப்போடு ஒட்டவைக்கப்பட்ட அடையாளமாக நெடுங்காலம் விளங்கிற்று. கிறிஸ்தவம் வந்த பின்னரும் சாதி ஆலய வாசலில் நின்றுவிடவில்லை. இத்தகைய சூழலில், உள்ளதே போதும் என்று உழைப்பவனிடம் கூறுவது எளிது. அவ்வாறு கூறுபவன் யார் என்பதே வினா.

ஆயினும் அதே மரபு அவ்வினாவுக்கு விடையையும் கொண்டுள்ளது. கொலோசையர் திருமுகம் அடுத்த மூச்சிலேயே, அடிமைகளுக்கு நீதியும் நேர்மையுமானதை வழங்குமாறு தலைவர்களைப் பணிக்கின்றது. அறுவடை செய்தோருக்குக் கொடாது பிடித்துவைத்த கூலி கூக்குரலிடுகின்றது என யாகப்பர் திருமுகம் எச்சரிக்கின்றது. எந்நிலையிலும் நிறைவுகாணக் கற்றுக்கொண்டதாகச் சின்னப்பர் பிலிப்பியருக்கு எழுதும்போது அவர் சிறையில் இருக்கின்றார். அங்கு அவர் ஆளும் கிரேக்கச் சொல், பிறர் துணை வேண்டாத தன்னிறைவைக் குறிக்க உறுதிப்பாட்டு வாதிகளான ஸ்தோயிக்கர் வழங்கிய சொல். ஆனால் அவர் அச்சொல்லை எழுதுவது, நண்பர்கள் அனுப்பிய உதவிக்கு நன்றி கூறும் பகுதியிலாகும். தனித்து நின்று போதும் என்பதன்று அவரது நிறைவு. தம் கையாற் கூடாரம் செய்து உழைத்தவர், பிறர் பகிர்ந்ததைப் பெற்றுக்கொண்டு கூறும் நிறைவே அது.

தீவகத்தின் அண்மை வரலாறு இவ்வேறுபாட்டை ஏட்டளவில் நிறுத்திவிடாது. 1990 ஆகஸ்டில் தீவகம் போர்க்களமாகியது. மக்கள் பெருமளவில் இடம்பெயர்ந்தனர். 2009 மே மாதம் போர் முடிவுறும்வரை வடகடலில் மீன்பிடித்தல் பாதுகாப்புக் கட்டுப்பாடுகளுக்கு உட்பட்டே நிகழ்ந்தது. போரின் பின்னர், எல்லை கடந்து வரும் இழுவைமடிப் படகுகள் வலைகளை அறுத்துச் செல்வதும் கடலடியைச் சுரண்டுவதும் பெரும் பிணக்காயின. இழுவைமடி முறையை இலங்கை 2017இற் சட்டத்தால் தடைசெய்தது. பிணக்கு அத்துடன் தீர்ந்துவிடவில்லை. வலை அறுந்தவனிடம் மனநிறைவைப் பற்றி மட்டும் பேசுவது நற்செய்தியாகாது. வலை கிழியவில்லை என்று அருளப்பர் எழுதியது ஒரு தொழிலாளனின் மகிழ்ச்சி. அவ்வலையைக் காத்தலும் அம்மகிழ்ச்சியின் பகுதியே.

இக்காட்சியின் எல்லைகளும் கூறப்பட வேண்டியவை. வள்ளத்தில் இருப்போர் எழுவரும் ஆண்கள். மீனை வெட்டி, உப்பிட்டு, உலர்த்தி, விற்று வீட்டை நடத்தும் கைகள் இங்கே தென்படவில்லை. கலிலேயாவின் கரையில் மக்தலா என்னும் ஊரோடு பெரும்பாலும் ஒன்றெனக் கருதப்படும் பட்டினத்துக்கு, மீனை உப்பிட்டுப் பதனிடும் தொழிலால் வந்த தாரிகேயா என்ற பெயர் இருந்தது. உயிர்த்த இயேசுவை முதலிற் கண்டவளாக இதே நூல் கூறும் மரியா அவ்வூரின் பெயராலேயே அறியப்படுபவள். கருவாட்டு வாடியின் உழைப்பை அறிந்த தீவக வாசகர், நூல் சொல்லாது விட்ட இப்பாதியைத் தாமே நிரப்பிக்கொள்ள வேண்டியுள்ளது. மேலும், உணவுக்குப் பின் உரையாடல் ஆடுகளை மேய்த்தல் என்ற உருவகத்துக்கு மாறிவிடுகின்றது. மீன்பிடித் தொழில் நூலில் மீண்டும் பேசப்படவில்லை. எனினும் உணவு முடியும்வரை எந்தப் பணியும் ஒப்படைக்கப்படவில்லை என்பதும் குறிப்பிடத்தக்கதே.

1986இல் வரட்சியால் நீர் வற்றிய கலிலேயாக் கடலின் கரைச் சேற்றில், முதலாம் நூற்றாண்டளவைச் சேர்ந்த வள்ளம் ஒன்று கண்டெடுக்கப்பட்டது. ஏறத்தாழ எட்டு மீற்றர் நீளமான அவ்வள்ளத்திற் பத்துக்கு மேற்பட்ட மரவகைகள் காணப்பட்டன. கிடைத்த துண்டுகளையெல்லாம் வைத்து மீண்டும் மீண்டும் பழுதுபார்த்து அதனை ஓட்டியிருக்கின்றனர். அன்றாடத் தொழிலின் உண்மையான உருவம் இதுவே. பெருமீன்பாடு வாழ்நாளில் ஒருமுறை வரலாம். வலை பொத்துதலும் வள்ளம் திருத்துதலும் நாள்தோறும் உண்டு. திருக்குறளின் ஆள்வினையுடைமை என்னும் அறுபத்திரண்டாம் அதிகாரம், பயன் கைகூடாதபோதும் முயற்சிக்கு மதிப்புண்டு என வலியுறுத்துகின்றது. 1981இல் திருத்தந்தை இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் மனித உழைப்புப் பற்றி வெளியிட்ட சுற்றுமடல், தொழிலின் மதிப்பு அதன் வகையாலன்றி அதனைச் செய்பவன் மனிதன் என்பதால் அமைகின்றது என்றது. குறள் முயல்பவனின் ஊக்கத்தை நோக்குகின்றது. சுற்றுமடல் முயல்பவனின் மாண்பை நோக்குகின்றது. அருளப்பரின் காட்சி இவ்விரண்டையும் ஒரு வெறும் இரவிலும் ஒரு காலை உணவிலும் அடக்கிவிடுகின்றது.

ஆகவே இவ்வதிகாரம் காட்டும் மனநிறைவு அடங்கியிருப்பவனின் அமைதி அன்று. உழைப்பு எண்ணப்படுதல் வேண்டும், பங்கிடப்படுதல் வேண்டும், உழைத்தவன் உட்கார்ந்து உண்ணும் பந்தியில் அவன் கொணர்ந்ததும் இடம்பெறுதல் வேண்டும். இம்மூன்றும் உள்ள கரையில், ஒன்றும் அகப்படாத இரவையும் மனிதன் தாங்கிக்கொள்வான். இவை இல்லாத கரையில் நின்றுகொண்டு மனநிறைவைப் போதிப்போர், முதலில் அங்கே தீ மூட்டுதல் வேண்டும்.