உயர்தரப் பரீட்சையும் மாவட்ட அளவுகோலும்: ஒரு மதிப்பீடு

இலங்கையின் கல்விப் பொதுத் தராதரப் பத்திர உயர்தரப் பரீட்சை இரு பணிகளை ஒருங்கே ஆற்றுகிறது. பாடசாலைக் கல்வி நிறைவுற்றமைக்குச் சான்றளிப்பது ஒன்று. அரச பல்கலைக்கழகங்களுக்கு மாணவரைத் தெரிவுசெய்வது மற்றொன்று. தகைமை பெற்றோர் அனைவருக்கும் போதிய இடங்கள் இன்மையால், இரண்டாவது பணியே பரீட்சையின் இயல்பைத் தீர்மானிக்கிறது.

1970களின் தொடக்கத்தில் மொழிவாரியாகப் புகுத்தப்பட்ட தரப்படுத்தல் தமிழ் மாணவரிடையே ஆழ்ந்த கசப்பை விளைவித்தது. பின்னர் மாவட்டம் அலகாயிற்று. பெரும்பாலான பாடநெறிகளில் 40 விழுக்காட்டு இடங்கள் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும், 55 விழுக்காடு மாவட்ட மக்கள்தொகை விகிதப்படியும், 5 விழுக்காடு பின்தங்கிய மாவட்டங்களுக்கும் ஒதுக்கப்படலாயின. 2001இல் அறிமுகமான இசட் புள்ளி, பாடங்களுக்கிடையேயான கடினத்தன்மை வேறுபாட்டைச் சராசரி, நியமவிலகல் ஆகியவற்றின் துணையால் ஈடுசெய்கிறது. பாடசாலைகளுக்கிடையேயான வேறுபாட்டை அது தொடுவதில்லை.

மாவட்ட ஒதுக்கீடு அவ்வேறுபாட்டைக் கருத்திற் கொள்கிறது. எனினும் மாவட்டத்தை ஒருபடித்தானதாகக் காண்கிறது. நுவரெலியா மாவட்டத்தில் தோட்டப் பாடசாலையில் பயின்றவரும் வசதிமிக்க நகரப் பாடசாலையில் பயின்றவரும் ஒரே மாவட்ட வெட்டுப்புள்ளிக்கே உட்படுகின்றனர். ஆய்வுகூடமோ கணித ஆசிரியரோ வாய்க்காத மாணவர் சலுகைக்குரியவராக எண்ணப்பட்டும் அதன் பயனை எய்துவது அரிது.

ஒதுக்கீட்டை நீக்குக எனும் வாதத்திற்கு இது சான்றாகாது. திறமை ஒன்றையே அளவாகக் கொண்டாலும் அம்மாணவரின் நிலை உயரப்போவதில்லை. மாவட்டத்தோடு பாடசாலையின் வளநிலையும் தெரிவின் அலகாக வேண்டும் என்பதே இதனால் பெறப்படுவது. அதுவரை, நீதியின் பெயரால் வழங்கப்படும் இடங்கள் மாவட்டத்திற்குள் வலியோரையே சென்றடையும்.