தொண்டும் அதன் விளம்பரமும்

சேவைச் சங்கங்கள் தம் பணிகளைப் பத்திரிகைகளில் வெளிவரச் செய்வது குறித்து நம்மிடையே இரண்டு அபிப்பிராயங்கள் நெடுங்காலமாக நிலவி வருகின்றன. தானம் மறைவாகச் செய்யப்பட வேண்டும் என்பது ஒன்று. நல்ல காரியம் நாலு பேருக்குத் தெரிந்தால்தான் மேலும் நாலு பேர் முன்வருவார்கள் என்பது மற்றொன்று. இரண்டுமே கொடுப்பவரை நடுவில் நிறுத்திப் பேசுகின்றன. அந்தச் செய்தியால் பெறுபவருக்கு என்ன பிரயோஜனம் என்று கேட்டுப் பார்ப்பதே முறை என்பது என் துணிபு.

விளம்பரமே தொண்டின் பாதியாக அமைந்த காரியத்தை நம் தேசம் கண்டிருக்கிறது. இளம்பிள்ளைவாதத்தை உலகினின்றே ஒழிப்பதென்று 1985-இல் ரோட்டரி இயக்கம் சங்கற்பம் செய்துகொண்டபோது, மருந்துக்குப் பணம் திரட்டுவதோடு அதன் வேலை முடிந்துவிடவில்லை. குறித்த ஞாயிற்றுக்கிழமையில் நாடெங்கும் உள்ள தாய்மார்கள் குழந்தைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு சொட்டு மருந்து முகாமுக்கு வந்தாக வேண்டியிருந்தது. தேதி தெரியாத தாய்க்கு மருந்து இருந்தும் இல்லாததே. உத்தரப் பிரதேசத்தில், இம்மருந்து மலட்டுத்தன்மையை உண்டாக்கும் என்ற வதந்தி பரவியிருந்த ஊர்களில், மார்க்க அறிஞர்களின் வாக்கும், தொலைக்காட்சியில் அமிதாப் பச்சன் அதட்டியும் கெஞ்சியும் விடுத்த வேண்டுகோளும், தாதியர் வீடு வீடாக ஏறி இறங்கிய உழைப்பும் ஒன்றுசேர்ந்தே கதவுகளைத் திறந்தன. 2011 ஜனவரியில் ஹவுரா மாவட்டத்துக் குழந்தை ஒன்றைத் தாக்கியதோடு காட்டு வகைக் கிருமியின் ஆட்டம் இந்தியாவில் ஓய்ந்தது. 2014 மார்ச்சில் தென்கிழக்காசியப் பிராந்தியமே அந்நோயினின்று விடுபட்டதாகச் சான்றளிக்கப்பட்டது. அரசாங்கமும் பல ஸ்தாபனங்களும் கைகோத்த இவ்வெற்றியில் விளம்பரத்துக்குரிய பங்கை யாரும் குறைத்து மதிப்பிட முடியாது.

நம் ஊர்க் கண் சிகிச்சை முகாம்களும் இவ்வகையைச் சேர்ந்தவையே. 1976-இல் மதுரையில் டாக்டர் கோ. வெங்கடசாமி தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையின் முகாம்களில், இடம் பிடிப்பதும் ஊரைக் கூட்டுவதும் பெரும்பாலும் அரிமா, ரோட்டரி முதலிய உள்ளூர்ச் சங்கங்களின் பொறுப்பு; கண்புரை முற்றியவர்களைப் பேருந்தில் ஏற்றிச் சென்று அறுவை செய்து திரும்பக் கொண்டுவந்து விடுவது மருத்துவமனையின் பொறுப்பு. மாற்றுத் துணி கொண்டுவர வேண்டும், சாப்பாடும் போக்குவரத்தும் இலவசம், சர்க்கரை வியாதிக்காரர்கள் தாங்கள் உண்ணும் மாத்திரையை எடுத்து வரவேண்டும் என்று முந்தின வாரமே மாவட்டப் பதிப்பில் வரும் நாலு வரிச் செய்தி, மருமகளிடம் பேருந்துச் செலவுக்குக் கேட்கக் கூசி வருஷக்கணக்காய்த் திண்ணையில் முடங்கிய ஒரு கிழவியைப் புறப்பட வைக்கிறது.

ஆனால் நாம் மிகுதியாகக் காண்பது முகாமுக்கு மறுநாள் வரும் செய்தியை. ஒரே தையல் இயந்திரத்தைச் சுற்றி எட்டுப் பேர் நிற்கிறார்கள். தலைவர், செயலாளர், பொருளாளர், மாவட்ட ஆளுநர் என்று பதவி தவறாமல் பெயர்கள் அச்சாகின்றன. ஓரத்தில் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு நிற்கும் பெண்ணுக்கோ ‘பயனாளி’ என்பதே பெயர். அந்தப் படத்தை அவள் பிள்ளையின் வகுப்புத் தோழர்களும் பார்ப்பார்கள் என்பதை எண்ணும்போது நெஞ்சு பதைக்கிறது. நிருபர் வரும் வரையில் வரிசையைக் காக்க வைப்பதும், படத்தில் எடுப்பாக விழும் பொருளையே தேர்ந்து வழங்குவதும் இதே மோகத்தின் விளைவுகள். சாக்கடை சீராக்குவது படத்துக்கு ஏற்றதல்ல. ஆயினும் 1907-இல் சிகாகோவில் முதல் ரோட்டரி சங்கம் மேற்கொண்ட முதற்பணி பொதுக் கழிப்பிடம் அமைக்க முயன்றதுதான்.

பின்செய்தியே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஊரார் கொடுத்த பணத்துக்கு ஊரறியக் கணக்குச் சொல்ல வேண்டிய கடமை உண்டு. புதிய அங்கத்தினர்கள் வந்து சேர்வதும் அதனால்தான். ஆகவே சங்கத்தின் செயலாளர்கள் நிருபரிடம் தர வேண்டியது மேடைப் படத்தையன்று. ஒரு மாதம் கழித்து, எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை பேருக்கு அறுவை நடந்தது, மறுபரிசோதனைக்கு வராமல் நின்றவர்கள் எந்தெந்தத் தெருக்காரர்கள், அவர்களை அழைத்துவர வண்டி என்றைக்குப் புறப்படும் என்பதை, நோயாளிகளின் பெயர் இல்லாமல் எழுதித் தரட்டும்.