முள்ளும் சேலையும்: தொடக்கப்பள்ளியில் பழமொழி

நம் வகுப்பறைகளில் மரபுத்தொடரும் பழமொழியும் 'பொருத்துக' வினாவாக வந்துபோகின்றன. கம்பி நீட்டுதல் என்றால் தப்பி ஓடுதல். கயிறு திரித்தல் என்றால் பொய் சொல்லுதல். இடப்பக்கம் தொடர், வலப்பக்கம் பொருள், நடுவில் ஒரு கோடு. நான்காம் வகுப்புக் குழந்தைக்குக் கம்பி என்றால் பெரும்பாலும் கம்பிதான். ஒரு கதைக்குள், ஒரு சண்டைக்குள் வைத்துச் சொன்னால் மறைபொருளைச் சட்டென்று பிடித்துக்கொள்கிற அதே குழந்தை, பட்டியலாக நீட்டினால் மாத்திரையைப் போல விழுங்கிவிட்டுப் போகிறது.

பட்டியலுக்கு ஒரு வரலாறு உண்டு. மிஷனரியாக வந்த பீட்டர் பெர்சிவல் 1874இல் சென்னையில் வெளியிட்ட தொகுப்பில் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட தமிழ்ப் பழமொழிகள் இருக்கின்றன. 1897இல் ஹெர்மன் யென்சன் பழமொழிகளைப் பொருள்வாரியாக வகைப்படுத்தினார். இந்த உழைப்பு இல்லையென்றால் பல சொற்கள் நம் கைக்கு வந்திருக்காது. ஆனால் வாயிலிருந்து தாளுக்கு ஏறும்போது ஒன்று உதிர்ந்துவிட்டது: யார், யாரிடம், எந்த நேரத்தில் சொன்னது என்பது. மாமியார் உரக்கச் சொன்னால் ஒரு பொருள், அதையே மருமகள் முணுமுணுத்தால் வேறு பொருள். பேசியவள் மறைந்துபோக, பேச்சு மட்டும் 'முன்னோர் வாக்கு' ஆயிற்று. இந்த முன்னோரில் நம் ஆயாக்கள் உண்டா என்று யாரும் கேட்பதில்லை. ஔவையின் பெயரால் வழங்கும் ஆத்திசூடியிலேயே, பெண் பேச்சைக் கேட்காதே என்று பொருள்படும் ஓர் அறிவுரை இருக்கிறது. ஒரு பெண் சொன்னதைக் கேட்டுத்தான் அதையும் மனப்பாடம் செய்கிறோம்!

திண்டிவனத்தின் பெயரைத் திந்திரிணி வனம் என்பதிலிருந்து விளக்குவார்கள், புளியங்காடு. 'ஓடும் புளியம்பழமும் போல' என்ற உவமைத்தொடரை இந்தப் பக்கத்துக் குழந்தைக்கு உரைநூல் வைத்து விளக்கத் தேவையில்லை. அம்மாவோடு உட்கார்ந்து புளி உடைத்த குழந்தைக்கு, பழுத்த பழம் ஓட்டைத் தொடாமல் உள்ளே தனியாகக் கிடக்கும் என்று விரல் சொல்லும். சரியாகப் பழுக்காததில் ஓடு ஒட்டிக்கொண்டு நகத்தைப் பதம் பார்க்கும் என்பதும் அதற்குத் தெரியும். நாமோ இதைப் 'பற்றற்று இருத்தல்' என்று எழுதிப்போட்டுத் துறவியிடம் கொடுத்துவிடுகிறோம். புளி உடைத்த பெண்களிடமிருந்து வந்திருக்கக்கூடிய உவமை இது. ஒரே வீட்டில் ஒட்டாமல் வாழ்ந்து தீர்த்தவர்கள் அவர்களில் எத்தனை பேரோ. வகுப்பில் மல்லாட்டை என்று சொல்லும் குழந்தையை நிலக்கடலை என்று திருத்துவதும் இதே பழக்கம்தான். மணிலாக்கொட்டை என்று கடல் தாண்டி வந்த சொல்லை மல்லாட்டை ஆக்கி வைத்திருக்கும் ஊரின் நாக்கு, திருத்தப்படவேண்டிய நாக்கு அல்ல.

இல்லம் தேடிக் கல்வித் திட்டம் 2021 அக்டோபரில் மரக்காணம் அருகே முதலியார்குப்பத்தில்தான் தொடங்கியது. மாதம் 1000 ரூபாய்க்கு மாலை நேரத்தில் திண்ணையிலும் மரத்தடியிலும் பாடம் சொன்னவர்களில் பெரும்பாலோர் பெண்கள். விழுப்புரம், திண்டிவனம் பக்கத்து என் மாணவிகள் சிலரும் போனார்கள். பாடநூல் இன்று பெருமளவு சுத்தமாகிவிட்டது, 'பெண் புத்தி பின் புத்தி' அதில் இல்லை என்று அவர்கள் நிம்மதியோடு சொன்னார்கள். எனக்கு அந்த நிம்மதி இல்லை. நூலிலிருந்து போன பழமொழி வாயிலிருந்து போகவில்லை. சத்தமாகச் சிரித்த சிறுமியை அடக்க 'பொம்பள சிரிச்சாப் போச்சு' என்பதை எடுப்பதற்கு எந்தப் பாடத்திட்டமும் வேண்டாம்.

'முள்ளு மேல சேலை விழுந்தாலும், சேலை மேல முள்ளு விழுந்தாலும் சேதம் சேலைக்குத்தான்' என்பதை எடுத்துக்கொள்வோம். அழகான தொடர். ஒலி நயமாகத் திரும்புகிறது, நினைவில் தங்குகிறது. அதன் வேலை என்ன? ஆணை முள்ளாக்குகிறது. முள்ளுக்குக் குத்துவது இயல்பு, அதனிடம் நியாயம் கேட்க முடியாது. சேலைக்கோ நடந்துபோகும் பொறுப்பு முழுவதும். வன்முறை இங்கே இயற்கையாகவும், எச்சரிக்கை அன்பாகவும் மாறிவிடுகிறது. பெரும்பாலும் இதை அம்மாதான் சொல்கிறாள், மகள்மேல் உள்ள பயத்தால் சொல்கிறாள். அந்தப் பயம் பொய்யல்ல. அதனால்தான் இதை 'பிற்போக்குப் பழமொழி' என்று முத்திரை குத்தி ஒதுக்குவதில் எனக்கு உடன்பாடில்லை. பத்து வயதுக் குழந்தையிடம் கேட்கவேண்டிய கேள்வி எளிது: முள்ளை யாரும் வெட்டக்கூடாதா? உவமையை உவமையாகப் பார்க்கத் தெரிந்தவருக்குத்தான் இந்தக் கேள்வி எழும். கோடு போட்டுப் பொருத்தியவருக்கு எழாது.

இன்னொன்று, எந்தப் பட்டியலிலும் வராதது. நன்னூல் தகுதி வழக்கை இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி என்று மூன்றாக்குகிறது. கல்லூரியில் நாங்கள் இதைச் சுடுகாட்டை நன்காடு என்பதை வைத்து நடத்துகிறோம். ஆனால் ஒரு பெண் குழந்தை முதன்முதலாகத் தன்னைப் பற்றிக் கேட்கும் மறைமொழி வேறு: 'உக்காந்துட்டா', 'பெரியவளாயிட்டா', 'தூரம்'. ஐந்தாம் வகுப்பிலேயே சிலருக்கு இது வந்துவிடுகிறது. உட்கார்ந்துவிட்டாள் என்றால் எங்கே, ஏன், எத்தனை நாள்? பக்கத்து இருக்கைக் குழந்தை நேர்ப்பொருளில்தான் யோசிக்கும். பள்ளிக்கு வராமல் ஏன் உட்கார்ந்தாள் என்று அது கேட்டால் பெரியவர்கள் சிரித்து மழுப்புவார்கள். மொழியணி அழகுக்காக என்று சொல்லிக்கொடுக்கிறோம். அவளுக்கு அது ஒளித்துவைப்பதாகத்தான் அறிமுகமாகிறது. மாதவிடாய் என்ற நேர்ச்சொல்லை ஆசிரியை வகுப்பில் ஒருமுறையாவது உரக்கச் சொல்லாமல், இடக்கரடக்கலைப் பற்றி நாங்கள் எழுதும் ஆய்வேடுகளால் அந்தச் சிறுமிக்குப் பயன் குறைவு.

மாணவிகளிடம் ஒரு சின்ன மாற்றத்தை மட்டும் கேட்டேன். தொடர், பொருள் என்ற இரண்டு கட்டங்களுக்குப் பக்கத்தில் மூன்றாவதாக ஒரு கட்டம்: 'யார் யாரிடம் சொல்வது?' வீட்டில் கேட்டுவந்த பழமொழிகளைக் குழந்தைகளே நிரப்பவேண்டும். ஒரு மாணவி கொண்டுவந்த நோட்டில் பென்சில் எழுத்தில் இருந்தன: ஆயா அம்மாவிடம். அப்பா அக்காவிடம். டீச்சர் எங்களிடம். பெரியம்மா அக்காவிடம். 'சாண் பிள்ளையானாலும் ஆண் பிள்ளை' என்பதற்கு நேரே, எல்லாரும் தம்பியிடம். தம்பி யாரிடமும் எதுவும் சொன்னதாக ஒரு வரிகூட இல்லை. அக்கா சொன்னதாகவும் இல்லை.