சுத்தியல் தடம் தெரியும் வெள்ளி

அச்சில் வைத்து ஒரே அழுத்தில் வடித்தெடுத்த வெள்ளிக் கிண்ணத்தையும், தட்டைத் தகட்டிலிருந்து சுத்தியலால் சிறுகச் சிறுக எழுப்பிய கிண்ணத்தையும் பிரித்துக் காட்டுவது, அவற்றின் வடிவத்தைக் காட்டிலும், மேற்பரப்பில் ஒளி நடந்துகொள்ளும் விதமே ஆகும். முதலாவதில் ஒளி விழுந்த வேகத்தில் திரும்பிவிடுகிறது; இரண்டாவதிலோ கண்ணுக்கு எளிதில் புலப்படாத சிறு சிறு தளங்களில் சிதறி, தூறல் ஓய்ந்த குளத்து நீர்போல் அசைகிறது. இங்கிலாந்தின் காட்ஸ்வோல்ட் குன்றுப் பகுதியில், தேன்நிறச் சுண்ணாம்புக் கல்லால் கட்டப்பட்ட சிப்பிங் காம்டன் என்ற சிற்றூருக்கு உலோகக் கலை வரலாற்றில் ஓர் இடம் கிடைத்தது இந்த அசைவால்தான்.

சார்லஸ் ராபர்ட் ஆஷ்பி என்ற கட்டடக் கலைஞர், கைவினைஞர்கள் தமக்குள் ஒன்றுகூடித் தொழிலையும் ஆதாயத்தையும் பகிர்ந்துகொள்ளும் இடைக்கால ‘கில்டு’ முறையை மீட்டெடுக்க விரும்பி, 1888இல் லண்டனின் கிழக்குப் பகுதியில் ‘கில்ட் ஆஃப் ஹேண்டிகிராஃப்ட்’ என்ற அமைப்பைத் தொடங்கினார். குத்தகை முடிந்த நிலையில், உறுப்பினர்களிடம் வாக்கெடுப்பு நடத்தி, 1902இல் ஏறத்தாழ 50 தொழிலாளர்களையும் அவர்களுடைய குடும்பங்களையும் காம்டனுக்கு அழைத்துவந்தார். ஷீப் தெருவில் கைவிடப்பட்டுக் கிடந்த 18ஆம் நூற்றாண்டுப் பட்டாலை அவர்களின் பட்டறையாயிற்று. ஆஷ்பி பயின்று வந்த தட்டார் அல்லர். இத்தாலியப் பொற்கொல்லர் செல்லினியின் தொழில்நூலை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து 1898இல் வெளியிட்டவர் என்ற அளவில், ஏட்டறிவையும் கையறிவையும் அருகருகே உட்காரவைக்க முயன்றவர்.

அப்பட்டறையின் சிறப்பை அறிய ஒரு கிண்ணம் போதும். உள்ளங்கையில் அடங்கும் குழிவான பாத்திரம். அதன் பக்கத்திலிருந்து வெள்ளிக் கம்பிகள் இழையிழையாகப் பிரிந்து கிளம்பி, ஒன்றுசேர்ந்து, கிண்ணத்தின் அளவுக்குச் சற்றும் பொருந்தாத அகலத்தில் வளைந்து திரும்பி மீண்டும் அதிலேயே வந்து சேர்கின்றன. கைப்பிடிக்கு இத்தனை பெரிய வளைவு தேவையில்லைதான். ஆனால் அந்த மிகையே கிண்ணத்துக்கு உயிர். அடிக்க அடிக்க வெள்ளி இறுகும் இயல்புடையது என்பதால், ஒவ்வொரு சுற்று அடிக்குப் பின்னும் அதை மங்கிய சிவப்பு ஏறும்வரை சுட்டு இளக்க வேண்டும். வடிவம் கூடியபின், மெருகேற்றிய முகமுள்ள சுத்தியலால் மேற்பரப்பை மெல்லத் தட்டிச் சமன்செய்வர். இந்த இறுதித் தட்டலின் தடங்களை அரத்தால் தேய்த்து அழிக்காமல் விட்டதே கில்டின் தனி முத்திரை. பட்டை தீட்டாமல் உருட்டி வழவழப்பாக்கிய கற்களைப் பதித்து அவர்கள் செய்த பெரிய கோப்பைகள் ஆடம்பரமானவை என்றாலும், இந்த எளிய கிண்ணத்தின் அருகில் வைத்தால் சற்றே மூச்சுத் திணறுவதாகத் தோன்றுகின்றன.

அதே தடங்களை வணிகச் சரக்கிலும் ஒப்புக்குப் பதித்து, லண்டனின் பெருங்கடைகள் குறைந்த விலைக்கு விற்றன. கூலிக் கணக்குப் பாராமல் பொழுதுபோக்காகச் செய்தவர்களின் போட்டியும் சேர்ந்துகொண்டது. லண்டனில் வேலை குறைந்தால் வேறு பட்டறைக்குப் போய்ச் சில மாதம் கழித்துத் திரும்பலாம். காம்டனில் அதற்கு வழியில்லாததால், விற்காத சரக்கு தேங்கத் தேங்கக் கூலிச்சுமை ஏறி, 1908இல் நிறுவனம் கலைக்கப்பட்டது. ஊரின் அமைதி கைக்கு உதவியதே தவிர, கணக்கேட்டுக்கு உதவவில்லை.

தமிழ் வாசகர் கவனிக்கத்தக்க செய்தி ஒன்று இங்கு உண்டு. இலங்கைத் தமிழரான சர் முத்து குமாரசாமியின் மகன் ஆனந்த குமாரசாமி, பக்கத்திலுள்ள பிராட் காம்டனில் ஆஷ்பி செப்பனிட்டுக் கொடுத்த பழைய நார்மன் தேவாலயக் கட்டடத்தில் 1907 முதல் குடியிருந்தார். கண்டி நாட்டுக் கைவினைஞரின் தொழிலை விரிவாகப் பதிவுசெய்த அவருடைய இடைக்காலச் சிங்களக் கலை பற்றிய நூல், கைவினை இயக்க முன்னோடி வில்லியம் மோரிஸ் பயன்படுத்திய அச்சுப்பொறியில் அங்கேயே அச்சாகி 1908இல் வெளிவந்தது. கில்டு முடிவுக்கு வந்த அதே ஆண்டில், கண்டிக் கம்மாளரின் கதை அதன் அண்டையிலிருந்து புறப்பட்டது.

கில்டு கலைந்தபின் சிலர் லண்டனுக்குத் திரும்பினர். சிலர் சிறு நிலம் பயிரிட்டுக்கொண்டே கைவேலையைத் தொடர்ந்தனர். ஜார்ஜ் ஹார்ட் என்ற வெள்ளிக் கலைஞர் பட்டாலையை விட்டு நகரவில்லை. தேவாலயப் பாத்திரங்களும் உள்ளூர்ப் பரிசுக் கோப்பைகளும் சில கைகளுக்குப் போதுமான வேலையாக அமைய, 1973இல் அவர் மறைந்தபின்னும் அவருடைய வழித்தோன்றல்கள் அதே ஆலையின் மாடியில் சுத்தியல் பிடித்துவருகின்றனர். தொழிலாளர் மேசையோ சன்னலோரம்; தலைக்கு மேலே, கூரை உத்தரத்திலிருந்து, பல பத்தாண்டுகளின் பழுப்பேறிய ரசீதுகள் கொத்துக் கொத்தாகத் தொங்குகின்றன.