மூன்று நிமிடப் படமும் ஒரு சிறுவனின் முகமும்

போலந்து நாட்டின் தலைநகரான வார்சாவுக்கு வடக்கே சுமார் 50 கிலோமீட்டர் தொலைவில் நாசியெல்ஸ்க் என்றொரு சிற்றூர் இருக்கிறது. 1938ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில், அமெரிக்காவிலிருந்து ஐரோப்பியச் சுற்றுலா வந்த டேவிட் கர்ட்ஸ் என்பவர் அவ்வூருக்குச் சென்றார். அது அவர் பிறந்த ஊர். சிறுவயதிலேயே குடும்பத்தோடு அமெரிக்காவில் குடியேறிவிட்டவர். கையில் 16 மி.மீ. சினிமா காமிரா ஒன்று இருந்தது. காமிராவைக் கண்டதும் தெருப்பிள்ளைகள் முண்டியடித்துக்கொண்டு முன்னால் வந்து நிற்கிறார்கள். யூத ஆலயத்தின் வாசலிலிருந்து மக்கள் வெளியே வருகிறார்கள். ஒரு மளிகைக் கடை தெரிகிறது. மூன்று நிமிடத்தில் எல்லாம் முடிந்துவிடுகிறது.

மறு ஆண்டே போர் மூண்டது. 1939 டிசம்பர் 3ஆம் நாள் அவ்வூர் யூதர்கள் வீடுகளிலிருந்து துரத்தப்பட்டு ரயிலேற்றப்பட்டார்கள். சுமார் 3,000 பேராக இருந்த அவர்களுள் போர் முடிந்தபோது உயிரோடு எஞ்சியவர் நூற்றுவருக்கும் குறைவு. உல்லாசப் பயணி ஒருவர் பொழுதுபோக்காக எடுத்த படச்சுருள் அவ்வூர் மக்களைப் பற்றிய ஓர் அரிய சான்றாக ஆகிவிட்டது. 2009இல் அவருடைய பேரர் கிளென் கர்ட்ஸ், ஃபுளோரிடாவில் பெற்றோர் வீட்டு அலமாரியில் அச்சுருளைக் கண்டெடுத்தார். அவர் இதைப் பற்றி எழுதிய நூல் 2014இல் வெளிவந்தது. டச்சு இயக்குநர் பியாங்கா ஸ்டிக்டர் 2021இல் அந்த மூன்று நிமிடத்தையே 69 நிமிடப் படமாக விரித்தார். ‘த்ரீ மினிட்ஸ்: எ லெங்தனிங்’ என்பது அதன் பெயர்.

இப்படத்தைச் சினிமா விமர்சகர்கள் பலர் பாராட்டிவிட்டார்கள். நாம் வேறொரு பக்கத்திலிருந்து பார்ப்போம். சிறிய அளவுப் பிலிமை உயர்தெளிவு வீடியோவாக மாற்றும் வேலை எப்படி நடக்க வேண்டும், எங்கே நின்றுவிட வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் நான் பார்த்ததில்லை.

கண்டெடுத்த சுருள் ஓட்டிப் பார்க்கும் நிலையில் இல்லை. சுருங்கி, வளைந்து, சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கெட்டியாகிக் கிடந்தது. 16 மி.மீ., 8 மி.மீ. பிலிம்களின் அடித்தகடு பெரும்பாலும் செல்லுலோஸ் அசெட்டேட். பழைய நைட்ரேட் பிலிமைப் போல இது குபீரென்று தீப்பற்றாது என்பதால் வீட்டு உபயோகத்துக்கு ஏற்றதாயிற்று. ஆனால் வெப்பமும் ஈரமும் சேர்ந்தால் அசெட்டேட் மெல்லச் சிதைந்து அசெட்டிக் அமிலத்தை வெளிவிடும். டப்பாவைத் திறந்தவுடன் புளிக்காடி வாடை அடிப்பது அதனால்தான். வெளிப்பட்ட அமிலம் சிதைவை மேலும் விரைவாக்கும் என்பதுதான் இதில் கொடுமை. நம்முடைய கடலோர நகரங்களின் புழுக்கத்தில் பரண்மேல் கிடக்கும் சுருள்களின் கதி என்ன என்பதை வாசகர்களே ஊகிக்கலாம்.

16 மி.மீ. பிலிமில் ஒரு துளைக்கும் அடுத்த துளைக்கும் இடையே 7.62 மி.மீ. தூரம். பிலிம் நூற்றுக்கு ஒரு பங்கு சுருங்கினாலும் புரொஜெக்டரின் பற்கள் துளைகளில் சரியாக விழாமல் கிழித்துவிடும். ஆகவே இத்தகைய பிலிமைப் பற்சக்கரம் இல்லாத ஸ்கேனரில், உருளைகள்மேல் மெதுவாக நகர்த்தி, ஒவ்வொரு படத்தையும் தனித்தனியே ஒளியூட்டிப் பதிவுசெய்ய வேண்டும். ‘சுவரில் படத்தை ஓட்டு, வீடியோ காமிராவை எதிரே வை’ என்னும் கடைத்தெரு முறை இதற்கு உதவாது. நல்ல பிலிமுக்குங்கூட அது ஏற்றதன்று. நொடிக்கு 16 படம் ஓடும் புரொஜெக்டரில் மூன்று இதழ் மூடி ஒவ்வொரு படத்தையும் மும்முறை காட்டுவதால், திரையில் நொடிக்கு 48 தடவை ஒளி விழும். நம் நாட்டு வீடியோ காமிரா நொடிக்கு 50 தடவை பார்க்கும். இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டினால் படம் நொடிக்கு இருமுறை மங்கிப் பிரகாசித்துக்கொண்டே இருக்கும். பழைய கல்யாணப் படங்களின் வீடியோவில் இந்தத் துடிப்பைப் பலர் பார்த்திருப்பீர்கள்.

சுருள் வாஷிங்டனிலுள்ள யூதப் படுகொலை நினைவு அருங்காட்சியகத்துக்கு அளிக்கப்பட்டது. தேர்ந்த பிலிம் ஆய்வுக்கூடம் ஒன்று அதைப் பக்குவமாகப் பிரித்து மீட்டது. ஸ்டிக்டரின் படத்தில் எனக்கு ஒரு குறை: கெட்டியாகிப்போன சுருள் பிரிந்துவந்த அந்தக் கட்டத்தில் இன்னும் சற்று நேரம் நின்றிருக்கலாம். படத்தின் மற்ற எல்லாம் அந்த வேலையின்மேல் அல்லவா நிற்கிறது?

இனி, உயர்தெளிவு என்பது என்ன? 16 மி.மீ. பிலிமில் ஒரு படத்தின் அகலம் ஏறத்தாழ 10 மி.மீ. அந்நாளைய காமிரா ஒரு மில்லிமீட்டரில் 50 இணைக்கோடுகளைப் பிரித்துக் காட்டியது என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். ஓர் இணைக்கு இரண்டு படப்புள்ளிகள் வேண்டும். ஆக அகலத்துக்கு 1,000 புள்ளிகள். உயர்தெளிவு வீடியோவில் இவ்வடிவப் படத்துக்கு 1,440 புள்ளிகள் கிடைக்கின்றன. 8 மி.மீ. பிலிமுக்கோ, படத்தின் அகலம் 4.5 மி.மீ. அளவே ஆகையால், 450 புள்ளிகளே போதும். அதற்குமேல் எத்தனை புள்ளி கொடுத்தாலும் புதிய விவரம் கிடைக்காது. பிலிமின் சாயத் துகள்கள்தாம் மேலும் துல்லியமாகப் பதியும். அப்படிப் பதிவதும் நல்லதே. துகள் எது, உருவம் எது என்று பிரித்தறிய அது உதவும். ஆனால் ‘உங்கள் 8 மி.மீ. படத்தை நான்கு மடங்கு தெளிவாக்கித் தருகிறோம்’ என்று ஒருவர் சொன்னால், அந்தத் தெளிவு எங்கிருந்து வருகிறது என்று கேட்பது நம் கடமை.

படத்தின் வேகத்தைப் பற்றிய கணக்கு இன்னும் வேடிக்கையானது. நொடிக்கு 16 படமாக எடுத்ததை நொடிக்கு 24 படமாகக் காட்ட வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். ஒரு வழி, ஒன்றுவிட்டு ஒரு படத்தை இருமுறை காட்டுவது. அசைவு சற்றே தத்தும். ஆனால் காண்பதெல்லாம் உண்மைப் படம். மற்றொரு வழி, இடைப்பட்ட நிலைகளைக் கணிப்பொறியால் வரையச் செய்வது. அசைவு வழுக்கிக்கொண்டு போகும். ஆனால் இரண்டு வரிசைகளும் நேரத்தில் ஒன்றுபடும் இடங்கள் நொடிக்கு எட்டே எட்டு. 24 படங்களில் 16 கற்பனை! அதுமட்டுமல்ல, காமிரா எடுத்த 16 படங்களில் எட்டு அப்படியே காணாமற் போகின்றன. நாசியெல்ஸ்க் படத்தை 16 என்ற வேகத்தில் கணக்கிட்டால் மூன்று நிமிடத்துக்கு 2,880 படங்கள். அவற்றில் பாதியைத் தொலைத்துவிட்டு ‘மெருகேற்றினோம்’ என்று சொல்ல முடியுமா?

அகலத் திரையை நிரப்புவதற்காக மேலும் கீழும் வெட்டுவது இன்னொரு வழக்கம். நாலுக்கு மூன்று என்ற வடிவத்தைப் பதினாறுக்கு ஒன்பதாக்கினால் படத்தில் கால் பாகம் போய்விடும். விளிம்பில் தலையை நீட்டிய குழந்தைகள்தாம் முதலில் வெட்டுப்படுவார்கள்.

பீட்டர் ஜாக்சன் 2018இல் வெளியிட்ட முதல் உலகப்போர்ப் படத்தை இங்கே சிலர் நினைக்கலாம். பழைய காட்சிகளுக்கு அவர் வண்ணம் தீட்டினார். வேகத்தைச் சீராக்க இடைப்படங்களைப் புகுத்தினார். போர்வீரர்கள் நம் காலத்தவர்போல நடந்து வந்தது பலரை உலுக்கிவிட்டது, என்னையும்தான். மக்கள் பார்ப்பதற்கென்று செய்த காட்சி அது. மூலப் படங்கள் அருங்காட்சியகத்தில் பத்திரமாக இருக்கின்றன. ஆனால் வீட்டுச் சுருளின் நிலை வேறு. மாற்றியெடுத்தவுடன் சுருளைக் குப்பையில் எறிந்துவிடுவோர் எத்தனையோ பேர். பிறகு அந்த வீடியோவே மூலமாகிவிடுகிறது.

ஸ்டிக்டர் என்ன செய்தார்? முதலில் மூன்று நிமிடத்தையும் அப்படியே ஓட விட்டார். பிறகு நிறுத்தினார், பின்னோக்கி ஓட்டினார், ஒவ்வொரு முகமாகப் பிரித்தெடுத்து வரிசையாக அடுக்கினார். கீறல்களும் துகள்களும் இருந்தபடியே இருக்கின்றன. மளிகைக் கடையின் பெயர்ப்பலகை எழுத்துகளைப் படிக்க ஆய்வாளர் பட்ட பாடு ஒரு துப்பறியும் கதைபோல் சொல்லப்படுகிறது. இங்கே ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். துகள்கள் படத்துக்குப் படம் இடம் மாறும். பலகையின் எழுத்தோ மாறாது. அடுத்தடுத்த படங்களை ஒன்றின்மேல் ஒன்றாக வைத்துச் சராசரி எடுத்தால் துகள் மங்கி எழுத்து மேலெழும். இது நேர்மையான தெளிவு. பிலிமிலேயே இருந்ததைத் திரட்டியது. வேறு ஆயிரமாயிரம் படங்களில் பழகிய கணிப்பொறி ‘இங்கே இன்ன எழுத்து இருக்கக்கூடும்’ என்று நிரப்பும் தெளிவு அவ்வகையைச் சேர்ந்ததன்று. அது ஊகம், ஊகம் என்று சொல்லாமல் நம்முன் வைக்கப்படும் ஊகம்.

படத்தின் ஓரிடத்தில் சந்தைச் சதுக்கத்தின் மங்கலான காட்சியை மெல்ல மெல்லப் பெரிதாக்கிக்கொண்டே போகிறார்கள். வெளியேற்றப்பட்ட நாளின் வருணனை பின்னணியில் ஒலிக்கிறது. காட்சி கரைந்து வெறும் நிறத்திட்டுகளாகிவிடுகிறது. பிலிமில் அதற்குமேல் ஒன்றுமில்லை. இயக்குநரும் எதையும் சேர்க்கவில்லை. 69 நிமிடத்தில் என்னை மிகவும் பாதித்த இடம் இதுவே.

மீட்கப்பட்ட படத்தை அருங்காட்சியகம் தன் இணையதளத்தில் வெளியிட்டிருந்தது. அமெரிக்காவில் வாழ்ந்த ஒரு பெண்மணி அதைப் பார்க்க நேர்ந்தது. கூட்டத்தில் நின்ற ஒரு சிறுவனின் முகம் அவருக்குத் தெரிந்த முகமாக இருந்தது. அது அவருடைய பாட்டனார் மாரிஸ் சாண்ட்லரின் முகம். 1938இல் அவருக்கு வயது 13. அந்த முகம் 16 மி.மீ. பிலிமில் ஒரு சிறு புள்ளி. கணிப்பொறி அதைத் திருத்தி அழகாக்கியிருந்தால், கண்ணும் மூக்கும் கூர்மையாக, யாரோ ஒரு பிள்ளையின் முகமாக அது மாறியிருக்கக்கூடும். சாண்ட்லரின் குரலைப் படத்தில் கேட்கிறோம். பக்கத்தில் நின்றவர்களுள் தமக்கு நினைவிருந்தவர்களை அவர் சொல்லிக்கொண்டு போகிறார். படத்திலுள்ள முகங்கள் சுமார் 150. பெயர் கிடைத்தவர்கள் மிகச் சிலரே.